அசையாத கால்

“கார் நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுக்கு ஒண்ணுமே ஞாபகமில்லையே,” என்றார் ஹர்நேக் சிங், கணினித் திரையைத் தட்டிக் காட்டி.

பேக்கர்ஸ்ஃபீல்டில் புகைச் சோதனை நிலையம் நடத்துகிற சர்தார் அவர். கார் எசேனியாவுடையது. திங்கட்கிழமை முதல் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பதிவு உள்ள கார் இல்லையென்றால் அந்த வேலை இல்லை. பதிவு இன்றோடு முடிகிறது. புகைச் சான்று இல்லாமல் புதுப்பிக்க மாட்டார்கள். நாலு மணிக்கு நிலையத்தை மூடிவிடுவார்கள்.

அவளும் பெரியம்மா மகன் எஃப்ரேனும் சேர்ந்து உயரத்தைத் தாழ்த்தி, அகலப் புகைக்குழாய் வைத்த கார் அது. அசல் கன்வெர்ட்டரைத் திருடர்கள் அறுத்துக்கொண்டு போனபோது, மாநில அனுமதி எண் பொறித்த மாற்று கன்வெர்ட்டரையே தேடி வாங்கிப் போட்டாள். போன மாதம் எஞ்சின் விளக்கு எரிந்தது. பிழை எண் 420. கன்வெர்ட்டர் புகையைச் சுத்தம் செய்யவில்லை என்று பொருள்.

“புகையை மோப்பம் பிடிக்கிற பின் சென்சாருக்கு அடியில ஒரு இரும்புத் துண்டு வெச்சா கார் ஏமாந்துடும்,” என்றான் எஃப்ரேன். அவள் கேட்கவில்லை. குழாய்க்குள் காற்றடித்து, காருக்கடியில் படுத்துச் சோப்புத் தண்ணீர் தெளித்தாள். முன் சென்சாருக்குப் பக்கத்து இணைப்பில் குமிழி கிளம்பியது. கசிவு அங்கேதான்; அதுதான் சென்சாரைக் குழப்பியிருக்கிறது. புது கேஸ்கட் போட்டாள். வியாழக்கிழமை விளக்கு தானாகவே அணைந்தது.

பிறகெப்படி ஞாபகமில்லாமல் போகும்? திரும்பிப் பார்த்தாள். எஃப்ரேன் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டிருந்தான்.

“டேய், காலைல என்ன பண்ணின?”

“ப்ரீமா,” என்று ஸ்பானிஷில் உறவு சொல்லி இழுத்தான். “உன் நல்லதுக்குத்தான்... பழைய நானூத்தி இருபது உள்ள ஒளிஞ்சிருந்தா? பிழை எண் படிக்கிற ரீடரைச் சொருகி எல்லாத்தையும் அழிச்சுட்டேன்.”

ஹர்நேக் சிரித்துவிட்டார். “எங்க ஊர்ல நானூத்தி இருபதுன்னா மோசடிக்காரன். அவனைத் துரத்தறேன்னு இவன் பரீட்சைப் பேப்பரையே கொளுத்திட்டான். மகளே, கார் தன்னைத்தானே மறுபடி சோதிச்சு முடிக்கணும். அதுவரைக்கும் நான் தொட முடியாது.”

“என்ன பண்ணணும்?”

“அறுபது மைல் வேகத்துல ஏறாம இறங்காம ஓட்டு. ரீடர்ல கன்வெர்ட்டர் சோதனை முடிஞ்சதுன்னு வரணும். சில கார்ல நாளை வரைக்கும்கூட இழுக்கும்.”

“இன்னிக்கு வரும்,” என்றாள்.

தொண்ணூற்றொன்பதாம் நெடுஞ்சாலையில் வடக்கே கிளம்பினார்கள். வேகத்தைத் தானாகப் பிடித்து வைக்கும் பொத்தான்கள் அசல் ஸ்டீயரிங்கில் இருந்தன. பந்தய ஸ்டீயரிங்தான் அழகென்று அதைக் கழற்றிப் போட்டவர்களும் இவர்களே. இனி அவள் கால்தான் எல்லாம்.

டெலானோ ஊரைத் தாண்டும்வரை ஒன்றும் நடக்கவில்லை. திரும்பும்போது தக்காளி லாரி ஒன்று குறுக்கே வர, பிரேக் அடித்தாள். மறுபடி முதலிலிருந்து. இரண்டாம் முறை வடக்கே, மறுபடி தெற்கே. தொடை மரத்துப்போனது.

“பசிக்குது, ப்ரீமா.”

“வாயை மூடிட்டு ரீடரைப் பாரு.”

பக்கத்தில் நீலக் கார் ஒன்று உறுமிக்கொண்டு வந்தது. கண்ணாடியை இறக்கி ஒருவன் கத்தினான்: “என்னம்மா, சவ ஊர்வலமா? அந்தக் குழாயெல்லாம் சும்மா பேருக்கா?”

எஃப்ரேன் துள்ளினான். “ஒரே ஒரு மிதி! இவனை விடலாமா?”

அவளுக்கும் கால் துடித்தது. இந்தக் காரை எதற்காகச் செய்தார்களோ, அதற்கான அழைப்பு அது. பல்லைக் கடித்துக்கொண்டாள். முள் அறுபதிலேயே நின்றது. நீலக் கார் சிரிப்போடு பறந்து மறைந்தது.

பாதாம் தோப்புகள் ஒரே சீராகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

“வந்துடுச்சு!” என்று எஃப்ரேன் அலறினான். “கன்வெர்ட்டர் முடிஞ்சுடுச்சு, ப்ரீமா!”

மூன்று நாற்பதுக்கு நிலையத்துக்குள் நுழைந்தார்கள். ஹர்நேக் நீண்ட கைப்பிடிக் கண்ணாடியைக் காருக்கடியில் நீட்டி அனுமதி எண்ணை வாசித்தார். மாற்றிப் போட்ட ஒவ்வொன்றையும் பார்த்தார். கணினி வயரைக் காரில் சொருகினார். அச்சுப்பொறி கரகரத்தது.

“பாஸ்,” என்று தாளை நீட்டினார்.

எசேனியா அதை இடது கையால் வாங்கினாள். வலது கையை எஃப்ரேன் பக்கம் நீட்டினாள்.

“குடு.”

“எதை?”

“ரீடரை.”