சுவிட்சுப் பெட்டிச் சீட்டு

நீச்சல் குளத்துப் பம்பைக் கொன்றது குளிர் இல்லை, வெர்லன்தான். அது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

டெக்சாஸில் அந்தப் பிப்ரவரியில் பனிப்புயலால் மின்சாரம் போனபோது, பக்கத்து வீட்டு எஸ்தெலா மகளின் பிரசவத்துக்காக எல் பாசோ போயிருந்தாள். தெருப் பிள்ளைகளில் பாதிப் பேர் அவள் வீட்டுக் குளத்தில்தான் நீச்சல் கற்றார்கள். அவள் பிழைப்பும் அந்த நீச்சல் வகுப்புதான். கிளம்பும்போது சாவியை வெர்லனிடம் கொடுத்தாள்.

"கரண்ட் போச்சுன்னா பம்புத் தண்ணிய வடிச்சுடுங்க. எது முதல்லன்னு சுவிட்சுப் பெட்டியில எழுதி ஒட்டியிருக்கேன்."

"பதினாறு வருஷமா குளம் வச்சிருக்கேன். எனக்கே பாடம் எடுக்கறீங்களா?" என்று சிரித்தான்.

அவள் போன சில நாளில், ஒரு காலையில் கரண்ட் போயிற்று. ஓடுகிற தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் உறையாது. நின்றால் உறைந்து பம்பைப் பிளந்துவிடும். வெர்லன் தன் வீட்டு வேலையை மெனக்கெட்டுச் செய்தான். சுவிட்சை அணைத்து, வடிகால் மூடிகளைத் திருகிக் கழற்றித் தண்ணீரை வடித்து, அவை தொலையாமலிருக்கப் பம்பின் வடிகட்டிக் கூடைக்குள்ளேயே போட்டு, பழைய கம்பளிகளைச் சுற்றினான். அதற்குள் விரல்கள் மரத்துவிட்டன. எஸ்தெலா வீட்டுச் சுவிட்சுப் பெட்டி வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் இருந்தது. கரண்டே இல்லாதபோது எதை அணைப்பது என்று ஒரு மேதாவித்தனம். மூடிகளை மட்டும் கழற்றித் தண்ணீரை வடித்துவிட்டு ஓடிவந்து, வண்டியில் ஹீட்டரைப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

சாயங்காலம் கரண்ட் வந்தது. உறைகிற குளிர் வந்தால் பம்பு தானே ஓடும்படிதான் இந்த ஊரில் எல்லோரும் அமைத்து வைத்திருக்கிறார்கள். எஸ்தெலாவின் பம்பும் ஓடியது, சொட்டுத் தண்ணீர் இல்லாமல். வேலிக்கு அந்தப் பக்கம் பம்பின் அலறல் கேட்டு வெர்லன் போவதற்குள் கருகிய நாற்றம் வந்துவிட்டது. பெட்டியைத் திறந்தான். பச்சை மையில் அவள் கையெழுத்து: 'முதல்ல இத அணைங்க. அப்புறம்தான் மூடி.'

பிறகு அவன் செய்ததுதான் அசிங்கம். சீட்டைப் பிய்த்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான். அறுபத்து மூன்று வயது மனிதன் செய்கிற காரியமா அது?

பத்து நாள் கழித்து எஸ்தெலா, சோளத்தோலில் பொதிந்து அவித்த சூடான தமாலே தட்டோடு வந்தாள்.

"அந்தக் குளிர்ல எனக்காக அலஞ்சிருக்கீங்க. சாப்பிடுங்க."

"பம்பு..."

"ரிப்பேர்காரர் பாத்தாரு. தண்ணியில்லாம ஓடியிருக்காம். உங்கமேல தப்பில்ல. எழுதி ஒட்டினேன்னு நானாத்தான் நெனச்சுக்கிட்டேன் போல. போய்ப் பாத்தா ஒண்ணுமே இல்ல." அவள் குரல் இறங்கியது. "பச்சப் பேனாகூட ஞாபகம் இருக்கு. எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. கடைசில என்னையே யாருன்னு கேட்டாங்க. வகுப்ப நிறுத்திடலாம்னு இருக்கேன், வெர்லன். தண்ணியில எத்தன பிள்ளைங்க எறங்குச்சுன்னு மறந்துட்டேன்னா என்ன ஆகும்?"

வெர்லன் கையிலிருந்த தமாலேயைத் தட்டிலேயே வைத்தான். திட்டு வாங்கப் பயந்து இவள் நிம்மதியையே திருடிவிட்டோமே என்று உறைத்தது. சொன்னால் இத்தனை வருடப் பழக்கம் போய்விடும். ஆனாலும் எழுந்துபோய்க் கோட்டைத் துழாவிக் கசங்கிய சீட்டை அவளிடம் நீட்டினான்.

அவள் இரண்டு தடவை படித்தாள்.

"நான் எழுதியிருக்கேன்."

"எழுதியிருந்தீங்க. நான்தான் படிக்கல. அப்புறம் பயந்துபோய் ஒளிச்சுட்டேன்."

அவனை அவள் திட்டவில்லை, பார்க்கக்கூட இல்லை. சீட்டை மடித்துப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். பிறகு அவன் முன்னாலிருந்த தட்டை எடுத்துக்கொண்டாள்.

"காலைல உங்க பம்பக் கழட்டிக் கொண்டாந்து என் குளத்துல மாட்டுங்க. அடுத்த மாசம் பிள்ளைங்க வருவாங்க."

மறுநாள் பம்பைத் தூக்கிக்கொண்டு போனான். பெட்டியைத் திறந்தால், அதே சீட்டு பழைய இடத்தில் ஒட்டியிருந்தது. எஸ்தெலா ஜன்னலைத் திறந்தாள்.

"சத்தமா படிங்க."

வெர்லன் சத்தமாகவே படித்தான்.