மூத்த மாமன் தலை

இது நடந்தது ஆனியிலா ஆடியிலா என்று இப்போது சரியாகச் சொல்ல முடியவில்லை. குற்றாலத்தில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, தென்காசி வரை சாரல் வந்தது என்பது நிச்சயம். மற்றதில் ஒன்றிரண்டு நானாகச் சேர்த்துக்கொண்டதாகவும் இருக்கலாம்.

அருமைநாயகம் ஸ்டுடியோவில் ஒன்பது வருஷம் கல்யாண ஆல்பம் வடிவமைத்த ஜெயசித்ரா, அந்த வருஷம்தான் தனிக்கடை போட்டாள். ஒரே அறை, ஒரு பழைய கம்ப்யூட்டர். ஸ்டுடியோவில் இருந்த சாப்ட்வேருக்கு மாதாமாதம் சந்தா கட்ட வேண்டும். அது அவளுக்குக் கட்டுப்படியாகாது. திருட்டுப் பிரதி போடவும் மனமில்லை. இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் என்ற சாப்ட்வேரை இறக்கிக்கொண்டாள். பழைய சாப்ட்வேரில் கை தானாகப் போன இடமெல்லாம் இதில் வேறு எங்கோ இருந்தது. மூன்று வாரம் யாரோடும் அதிகம் பேசாமல் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான்காவது வாரம் கை படிந்துவிட்டது.

“ஓசில கெடைக்கது ஓசி மாதிரித்தான் இருக்கும்” என்று அருமைநாயகம் டீக்கடையில் சொன்னது அவள் காதுக்கும் வந்தது.

முதல் வேலை, சுந்தரபாண்டியபுரத்துக் காதுகுத்துக்குப் பேனர். நடுவில் குழந்தை, இரண்டு பக்கமும் தாய்மாமன்மார். நன்றாக அமைந்தால் அந்த ஊர் வேலை முழுக்க அவளிடம் வரும். கெட்டுப்போனால் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

மாதிரியை வாட்ஸ்அப்பில் அனுப்பிய அரை மணி நேரத்தில் மூத்த மாமன் சங்கிலிப்பாண்டி பைக்கில் வந்து இறங்கினார். ஆலங்குளத்தில் போலீஸ் ஏட்டு; சீருடையில் இருந்தார்.

“ஏம்மா, நாந்தான் மூத்தவன். எந்தம்பி மணிமுத்து தல பூசணிக்கா கணக்கா இருக்கு. என் தல எலுமிச்சங்கா. சபையில எவன் மதிப்பான்?”

பேனர் அச்சடிக்கும் ஆசிப் வாசலில் நின்று சிரிப்பை அடக்கினான்.

“சிரிக்காதலே. ஓசி சாப்ட்வேர்ல செஞ்சா தல சுருங்கத்தான் செய்யுமாம். நாயகம் அண்ணாச்சி சொல்லுதாரு. நான் அங்கனயே குடுத்துக்கிடுதேன்.”

ஜெயசித்ரா மாதிரியை மறுபடி திரையில் திறந்தாள். பழியை சாப்ட்வேர் மேலேயே போட்டுவிடலாம். ஆனால் நடந்தது வேறு. ராணுவத்தில் இருக்கும் மணிமுத்து, கேமராவில் எடுத்த தெளிவான படம் அனுப்பியிருந்தார். ஏட்டு கொடுத்தது, அடையாள அட்டையைப் போனில் எடுத்த படம். பெரிதாக்கினால் மங்கும் என்று சின்னதாகவே விட்டிருந்தாள். படத்தைப் பார்த்தவள் முறையைப் பார்க்கவில்லை.

“தப்பு சாப்ட்வேர்ல இல்ல அண்ணாச்சி, எங்கிட்டதான். படம் மங்கிரக் கூடாதுன்னு பாத்தேன், நீங்க மூத்தவுகன்னு பாக்கல. அந்தச் சுவர்கிட்ட நில்லுங்க.”

ஏட்டு என்ன நினைத்தாரோ, தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றார். அவள் தன் கேமராவில் இரண்டு படம் எடுத்தாள். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, மீசையின் ஒரு முடியும் போகாமல் பின்னணியை வெட்டினாள்.

“இன்னுங் கொஞ்சம் பெருசாக்கு.”

“இதுக்கு மேல போனா பிள்ளைய மறைச்சிரும் அண்ணாச்சி.”

“மறைக்காமப் பெருசாக்கேன்.”

“காதுகுத்து பிள்ளைக்குத்தான் அண்ணாச்சி, உங்களுக்கில்ல” என்றான் ஆசிப்.

பேனர் ஷீட்டில் ஓரமாக மிஞ்சும் கீற்றுகள் அவனிடம் கிடந்தன. நிறம் பார்க்க ஒரு கீற்றில் முகங்களை மட்டும் அடித்துக் கொண்டுவந்தான். திரையில் சரியாக இருந்த முகங்கள் அதில் கருஞ்சிவப்பாக விழுந்திருந்தன. ஜெயசித்ரா அசரவில்லை. சிவப்பைக் குறைத்து, நிழலைக் கொஞ்சம் வெளிச்சமாக்கி, மறுபடி அனுப்பினாள். இரண்டாவது கீற்று சரியாக வந்தது. ஏட்டு அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஸ்டுடியோவுல இப்பிடிக் கீத்து அடிச்சுக் காட்டுனதே இல்லியே” என்றார் கடைசியில். “அடிலே ஆசிப்பு.”

காதுகுத்து நல்லபடியாக நடந்தது. அதன் பிறகு அந்த ஊரிலிருந்து பதினோரு பேனர் வந்தது. சங்கிலிப்பாண்டி எஸ்.ஐ. ஆகி ராயகிரிப் பக்கம் மாற்றலாகிப் போனார். மணிமுத்து ராணுவத்திலிருந்து வந்து வயலில் சூரியகாந்தி போடுகிறார். ஆசிப் இன்னொரு மிஷின் வாங்கினான். அருமைநாயகம் ஸ்டுடியோவை மகன் ஜோயலிடம் ஒப்படைத்துவிட்டார். அங்கே இன்னும் சந்தா கட்டுகிறார்கள். ஜெயசித்ரா அதே அறையில் கிம்ப்பில்தான் வேலை செய்கிறாள்.