லோகன் போட்ட வரி

தனலெட்சுமிக்கு மலேசியாவில், கிள்ளானில் தையல் கடை. தம்பி லோகன் மெல்பர்னில். போன வருஷம் அம்மாவின் சாவுக்கு அவன் ஒரு நாள் பிந்தி வந்தான். "இப்ப எதுக்கு வந்த?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். அன்றே திரும்பிப் போனவன் போன் நம்பரையும் மாற்றிவிட்டான். மிச்சம் இருந்தது அவன் ஈமெயில் மட்டும். தீபாவளிக்குப் பிறகு கடை ஈமெயிலிலிருந்து ஐந்து கடிதம் எழுதினாள். பதில் இல்லை. சொல்லுங்கள் கண்ணுகளா, கூடப் பிறந்தவனின் ஒரு வார்த்தைக்காக ஒருத்தி எத்தனை தடவைதான் போனை எடுத்துப் பார்ப்பாள்?

இந்த மாதம் அம்மாவுக்கு முதல் திதி.

கடை ஈமெயில் எல்லாம் ஸ்பேமில் விழுகிறது என்று வாடிக்கையாளர் ஒருத்தி சொன்ன பிறகுதான் சுபாங் ஜெயாவிலிருந்து கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் சுகுமாறனை வரவழைத்தாள். அவன் கடையின் இணையப் பெயரான டொமைனின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தான். அந்தப் பெயரில் யார் யார் ஈமெயில் அனுப்பலாம் என்று சொல்லும் வரி அங்கே இரண்டு இருந்தது.

"யாருக்கா இதெல்லாம் போட்டது?"

"மேல உள்ளது என் தம்பியோடது. மெல்பர்ன் போறதுக்கு முன்னால போட்டுக் குடுத்தான். கீழ உள்ளது நான். நம்ம தீபாவளி ஆஃபரை ஈமெயில்ல அனுப்புற கம்பெனி போடச் சொன்னாங்க."

"அவர் வரியிலேயே சேர்த்திருக்கணும் லா. இந்த மாதிரி வரி ஒன்னுதான் இருக்கலாம். ரெண்டு இருந்தா ஈமெயில வாங்குற பக்கம் ரெண்டையுமே நம்பாது."

"அவன் எழுதினதுல கை வைக்க மனசு வரல."

"கல்வெட்டாக்கா அது?"

அவள் சிரிக்கவில்லை. "அப்போ அவனுக்கு எழுதினது?"

"அதுவும் ஸ்பேம்லதான் கிடக்கும்."

திரையில் லோகனின் வரியைத் தொட்டுக் காட்டினாள். "இதுலயே சேர்த்துடு" என்றாள்.

இரண்டையும் ஒன்றாக்கினான். போகிற ஒவ்வொரு கடிதத்திலும், அது கடையிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் முத்திரை விழும்படியும் செய்தான். ஒரு மணி நேரம் கழித்து, சோதனைக்கு அனுப்பியது அவன் போனில் நேராக வந்து விழுந்தது.

"இப்ப எழுதுங்கக்கா."

'அம்மா திதி இருபத்து மூன்றாம் தேதி. வா' என்று எழுதியவள் அப்படியே நின்றாள்.

"என்னக்கா?"

"இத்தனை நாளும் பதில் வராததுக்கு, போய்ச் சேரலன்னு சொல்லிக்கலாம். இனிமே பதில் வரலன்னா?"

அவள் இன்னொரு வரி சேர்த்தாள்: 'அன்னைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.' அனுப்பினாள்.

பிளவுஸுக்கு அளவு கொடுக்க ஒரு பெண் வந்தாள். தனலெட்சுமி நாடாவை எடுத்துக்கொண்டு, மேசையில் இருந்த போன் தன் கண்ணில் படும்படி அவளைத் திருப்பி நிறுத்தினாள்.