ஆடி கழியட்டும்

சீனுவைப் பார்த்தால் நகரிப் பக்கத்தில் யாரும் நலம் விசாரிப்பதில்லை. தெலுங்குக்காரர்கள், "ஏமப்பா சீனு, பிரயாணம் எப்புடு?" என்று கிளம்பும் நாளைக் கேட்பார்கள். தமிழ்க்காரர்கள், "இன்னாடா, இன்னும் இங்கதான் கீறியா?" என்பார்கள். இரண்டு மொழிக்கும் அவனிடம் ஒரே பதில்தான். "பேப்பர் வரணும்." முதல் ஒன்றிரண்டு வருஷம் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். பிறகு சிரிப்பு நின்றுபோய்ப் பதில் மட்டும் மிஞ்சியது. இப்போதெல்லாம் டீக்கடைப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டுவிட்டான்.

பேப்பர் என்றால் அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியிருக்க அந்த அரசாங்கம் கொடுக்கிற அனுமதி. அவன் மனைவி ஷோபா அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணமாகி ஆறு வருஷம் தாண்டிவிட்டது. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்களை எல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரு மாங்காய் சீசன்கூடத் தேறாது.

இத்தனைக்கும் அவன் அவளோடு ஒரே விமானத்தில் போயிருக்க வேண்டியவன். அதைக் கெடுத்தது அமெரிக்கா அல்ல, பஞ்சாங்கம். அதுவும் ஒன்றில்லை, இரண்டு.

ஷோபாவுக்கு விசா வந்தது ஓர் ஆனி மாதக் கடைசியில். ஆவணி பிறப்பதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று கெடு. கல்யாணம் முன்பே பேசி முடித்தாயிற்று. போவதற்கு முன் தாலி கட்டிவிட்டால் மாப்பிள்ளைக்கும் அதே கையோடு விசா கிடைக்கும், போன பிறகு கட்டினால் அவன் தனி வரிசையில் நிற்க வேண்டிவரும் என்று திருப்பதியிலிருந்த விசா ஏஜென்ட் படித்துப் படித்துச் சொன்னார். ஷோபாவின் வீடு சந்திரகிரியில். தமிழ்க் குடும்பம்தான் என்றாலும் நல்லது கெட்டதுக்கு அவர்கள் பார்ப்பது தெலுங்குப் பஞ்சாங்கம். "ஆஷாடம் பொறந்துடுச்சு, அது போவட்டும்" என்றார் பெண்ணின் அப்பா. அவர்களுக்கு ஆடி மாதிரியான ஆஷாடம் போயிற்று. சிராவணம் பிறந்த அன்றே ஊரில் தெலுங்குக்காரர் வீடுகளில் பந்தல் போட்டு மைக்செட் கட்டிவிட்டார்கள். ஆனால் தமிழ்க் கணக்குக்கு அப்போது ஆடி பாதிகூட ஆகவில்லை. சீனுவின் அப்பா கன்னையா அந்தக் கணக்கை விட்டு நகர மறுத்துவிட்டார்.

"ஆடி கழியட்டும்டா. அமெரிக்கா இன்னா ஓடியா போவுது?"

ரிஜிஸ்டர் ஆபீசில் ஒரு கையெழுத்துப் போட்டால்கூடப் போதும் என்று ஏஜென்ட் கெஞ்சினார். ஆடியில் போடுகிற கையெழுத்தும் கல்யாணம்தான் என்று கன்னையா சொல்லிவிட்டார். சீனு அப்பா பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசிப் பழக்கமில்லாதவன், அன்றைக்கும் பழகிக்கொள்ளவில்லை. ஷோபா ஆடிக் கடைசியில் தனியாக விமானம் ஏறினாள். அடுத்த தை மாதம் லீவு போட்டு வந்தாள். நல்ல நாள், நல்ல நேரம், இரண்டு பஞ்சாங்கமும் ஒத்துக்கொண்ட முகூர்த்தம். ஊரே மெச்சிக்கொண்டது. மாசியில் அவள் திரும்பிப் போனாள். பங்குனியில் கொரோனா வந்து உலகத்தையே பூட்டிவிட்டது.

அதற்கப்புறம் நடந்ததைச் சொன்னால் கேட்கிறவர்களுக்குக் கொட்டாவி வரும். ஆபீஸ் மூடியிருக்கிறது என்றார்கள். திறந்த பிறகு கூட்டம் அதிகம் என்றார்கள். மனு பாஸாகிற நேரத்தில் வரிசை பின்னால் போய்விட்டது என்றார்கள். நிற்கிற வரிசை எப்படிப் பின்னால் போகும் என்று சீனு கேட்டான். அது அப்படித்தான் என்றார் ஏஜென்ட். சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று தனியாக ஒரு விசா கேட்டும் பார்த்தான். பெண்டாட்டி அங்கே இருக்கும்போது நீ திரும்பி வருவாய் என்பதற்கு என்ன நிச்சயம் என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். திருப்பதியில் வாங்கிய போலீஸ் சான்றிதழ் காலாவதியாகி, மறுபடி வாங்கி, அதுவும் காலாவதியானது. குற்றம் எதுவும் செய்யாதவன் என்று வருஷா வருஷம் நிரூபித்துக்கொண்டிருந்தான். எந்த மாதமும் கிளம்ப வேண்டிவரும் என்று நிரந்தர வேலை எதிலும் சேரவில்லை. மாங்காய் சீசனில் புத்தூர் ரோட்டில் ஒரு மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் சூப்பர்வைசராக நிற்பான். சீசன் முடிந்தால் வீடு.

வீட்டில் லாஸ்யா இருந்தாள்.

தை மாதக் கல்யாணத்தின் பலன் அவள். கொரோனா நடுவில், கூட ஒருத்தரும் இல்லாமல் ஷோபா அங்கே பெற்றெடுத்தாள். ராத்திரி டியூட்டிக்காரி கைக்குழந்தையோடு என்ன செய்வாள்? ஒரு வயது முடிந்ததும் தூக்கிக்கொண்டு வந்து சீனுவின் கையில் கொடுத்தாள். "கொஞ்ச நாள்தான் மாமா. பேப்பர் வந்ததும் நீயே இட்டுக்கினு வந்துடு" என்றாள். சீனுவின் அம்மா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டவள். கழுவிவிடுவது, சளிக்கு ஆவி பிடிப்பது, இரட்டைப் பின்னல் போடுவது எல்லாம் சீனுவே கற்றுக்கொண்டான். ராத்திரி அவன் வயிற்றின்மேல் காலைப் போட்டுக்கொள்ளாமல் அவளுக்குத் தூக்கம் வராது. அவனுக்கும் வராது. மாட்டுக் கொட்டகையில் சாணி மிதித்துக்கொண்டு, "நைனா, கன்னுக்குட்டி பாலு துன்னுது" என்று கத்துகிற அவளிடம் அமெரிக்க பாஸ்போர்ட் இருந்தது. அவள் நினைத்தால் நாளைக்கே போகலாம். அவளைத் தூக்கி வளர்த்தவன்தான் போக முடியாது.

போன வருஷம் ஷோபாவுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்தது. குடியுரிமைக்காரியின் புருஷனுக்கு வரிசை இல்லை, இனிமேல் மளமளவென்று நடக்கும் என்றார்கள். எல்லாத் தாள்களும் வந்து சேர்ந்தன என்று தகவலும் வந்தது. இனி மும்பையில் இருக்கிற அமெரிக்கத் தூதரகத்தில் நேர்காணல் ஒன்றுதான் பாக்கி. சீனு தினமும் பல் விளக்குவதற்கு முன் போனில் தூதரகத்தின் பக்கத்தைத் திறந்து பார்ப்பான். தேதி ஒதுக்கப்படவில்லை என்று இருக்கும். மூடிவிட்டுப் பல் விளக்கப் போவான்.

இந்த ஆனியில் ஷோபா லீவில் வந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்து, தோள் இறங்கி, பேச்சு குறைந்து வந்தாள். மகள் முதல் இரண்டு நாள் அவளை 'வாங்க, போங்க' என்று மரியாதையாகக் கூப்பிட்டாள். ஷோபா அதைக் கேட்டுச் சிரித்தாள். அப்புறம் பாத்ரூமுக்குப் போய் வெகு நேரம் தண்ணீரைத் திறந்து விட்டுக்கொண்டிருந்தாள்.

நான்காம் நாள் சாப்பிட்டு முடித்த பிறகு சொன்னாள். "பகல் டியூட்டி வாங்கிட்டேன் மாமா. வீட்டுக்கிட்டயே ஸ்கூலு. ஆகஸ்ட்ல தொறக்கறாங்க. இவள இட்டுக்கினு போலாம்னு கீறேன்."

சீனு குடித்துக்கொண்டிருந்த தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தான்.

"அதுக்குள்ள இன்டர்வியூ வந்துட்டா மூணு பேருமா போலாம்" என்றாள். "வரலன்னா... நீ சொல்றதுதான். நீ வளத்த கொயந்த. வேணாம்னா விட்டுட்டுப் போறேன். சண்ட போடமாட்டேன். எனக்கு அதுக்குக்கூடத் தெம்பு இல்ல."

அவள் சண்டை போட்டிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அன்றிலிருந்து அவன் போனைக் காலையில் மட்டும் பார்ப்பதை விட்டுவிட்டான். ஃபேக்டரியில் மாங்காய் லாரி திரும்புகிற இடைவெளியில் பார்த்தான், சோற்றில் கை வைத்தபடி பார்த்தான். காணிப்பாக்கம் போய்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, பிராகாரத்தைத் தாண்டுவதற்குள் ஒரு முறை பார்த்தான். பிள்ளையாருக்கும் மும்பைக்கும் தொடர்பு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

டிக்கெட்டை ஷோபா முன்பே எடுத்திருந்தாள். ஆடி மாதம் பிறந்து நான்காம் நாள். ரேணிகுண்டா விமான நிலையத்திலிருந்து ஹைதராபாத், அங்கிருந்து அமெரிக்கா. லாஸ்யாவின் டிக்கெட்டை வேண்டுமானால் ரத்து செய்துகொள்ளலாம் என்றாள்.

கன்னையாவுக்கு விஷயம் தெரிந்ததும் மாந்தோப்பில் சீனுவைப் பிடித்துக்கொண்டார். "அனுப்பாதடா. பேப்பர் வரட்டும், நீயும் கொயந்தையும் சேந்து போங்க. அதுவுமில்லாம வர்றது ஆடி. பச்சக் கொயந்தைய ஆடியிலயா கடல் தாண்டி அனுப்புவாங்க? ஆடி கழியட்டும்."

"எத்தினி ஆடி நைனா?" என்றான் சீனு.

அப்பாவிடம் அவன் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை. பக்கத்து வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்த செல்லியம்மா நிமிர்ந்து பார்த்தாள். கன்னையா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அந்த ஒரு ஆடியை நினைத்து அவரும் ஏழு வருஷமாகச் சரியாகத் தூங்கவில்லை, ஆனால் அதை ஒப்புக்கொள்கிற வாய் அவருக்கு இல்லை. மெல்ல நடந்து கிணற்றுப் பக்கம் போய்விட்டார்.

கத்திவிட்டானே தவிர, அனுப்புவதென்று சீனு அப்போதும் முடிவு செய்யவில்லை. அது அன்று சாயங்காலம் நடந்தது. ஷோபா மகளுக்குப் புது ஷூ வாங்கி வந்திருந்தாள், நடந்தால் அடியில் விளக்கு எரிகிற ரகம். லாஸ்யா அதைப் போட்டுப் பார்த்தாள். கூடத்தில் ஒரு தடவை நடந்தாள். பிறகு கழற்றி, தாள் சுற்றி, பெட்டியிலேயே வைத்து மூடிவிட்டாள்.

"ஏன்டி, புடிக்கலயா?" என்றாள் ஷோபா.

"புடிச்சிருக்கு. நைனாவுக்குப் பேப்பர் வந்ததும் போட்டுக்கறேன்."

ஐந்து வயதுப் பிள்ளை கொஞ்சமும் அழாமல், அடம் பிடிக்காமல் அதைச் சொன்னது சீனுவைக் குத்திவிட்டது. அந்த வீட்டில் தரைக்கு டைல்ஸ் போடுவது, பைக் மாற்றுவது, பல்லுக்கு வைத்தியம் பார்ப்பது எல்லாமே பேப்பர் வந்த பிறகுதான். குழந்தை கேட்டு வளர்ந்த பேச்சு அது. பேப்பர் வருவதற்குள் அவள் கால் வளர்ந்து ஷூ சின்னதாகிவிடும் என்று சீனுவுக்குத் தோன்றியது. உடனே எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போனான். ஷோபா பின்னாலேயே வந்தாள்.

"இட்டுக்கினு போ" என்றான், அவளைப் பார்க்காமல். "வெயிட் பண்றது எப்டின்னு நான் கத்துக்கினேன். அது என்னோட போவட்டும். அவ கத்துக்க வேணாம்."

ஷோபா அவன் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேருமே களைத்துப் போயிருந்தார்கள், ஒருத்தரை ஒருத்தர் தேற்றுகிற அளவுக்கு யாரிடமும் சரக்கு இல்லை. மாடு ஒன்று கழுத்தை நீட்டித் தீவனம் கேட்டது. சீனு வைக்கோலை உதறிப் போட்டான்.

நேர்காணல் தேதி வரவில்லை. ஆடி பிறந்தது. நான்காம் நாள் மத்தியானம் மூன்று பேரும் ஒரு வாடகை வண்டியில் ரேணிகுண்டா போனார்கள். சீனுவே ஓட்டினான். கன்னையா வாசல்வரைகூட வரவில்லை. லாஸ்யாவிடம் விஷயத்தைப் பல முறை சொல்லியிருந்தார்கள். நீயும் அம்மாவும் முன்னால் போகிறீர்கள், நைனா அப்புறம் வருவார். அவளும் ஒவ்வொரு முறையும் தலையாட்டியிருந்தாள். அப்புறம் என்றால் கொஞ்சம் பின்னால் என்று நினைத்திருக்கிறாள்.

டிக்கெட் இல்லாதவன் நிற்க வேண்டிய இடம் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம். ஷோபாவும் குழந்தையும் காவலரிடம் பாஸ்போர்ட்டைக் காட்டினார்கள். லாஸ்யா திரும்பிப் பார்த்தாள். நைனா நின்ற இடத்திலேயே நின்றான். அவள் வரிசையை விட்டு வெளியே வந்து, சுவரோரமாகத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"பேப்பர் வந்ததும் போலாம். நான் இங்கயே குந்திக்கினு கீறேன்."

அழவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு, வெகு நாளைக்குத் தயாரானவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். காவலர் தெலுங்கில் என்னவோ சொன்னார். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஷோபா குனிந்து தூக்கப் போனாள், குழந்தை உடம்பை இறுக்கிக்கொண்டது. ஷோபா நிமிர்ந்து சீனுவைப் பார்த்த பார்வையில், இப்போதாவது வேண்டாம் என்று சொல்லிவிடேன் என்கிற கெஞ்சல் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், மகள் வீட்டுக்கு வந்துவிடுவாள். ராத்திரி வயிற்றின்மேல் காலைப் போட்டுக்கொண்டு தூங்குவாள். அந்த வார்த்தை அவன் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

தரையில் குந்தி, பேப்பருக்காகக் காத்திருக்கிற மகளை இன்னொரு தடவை பார்த்தான். பக்கத்தில் போய் முட்டி போட்டு உட்கார்ந்தான்.

"கண்ணு, நீ முன்ன போய் சீட் புடி. நான் வண்டிய வுட்டுட்டு வந்துடறேன்."

நகரி பஸ் ஸ்டாண்டில் கூட்டத்துக்குள் புகுந்து துண்டு போடுவது அவள் வேலைதான். உடனே எழுந்துவிட்டாள். "ஜன்னல் பக்கமா?"

"ஜன்னல் உனக்கு. எனக்கு எங்கனாலும் பரவால்ல."

அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள், வேறு யாராவது பிடித்துவிடுவார்களோ என்கிற அவசரத்தில். திரும்பிப் பார்க்கவே இல்லை. அதுவரை சீனு அவளிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.

வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். சாவியைத் திருகத் தோன்றவில்லை. எத்தனை நேரமோ ஆயிற்று. போன் அடித்தது. ஷோபா.

"மாமா, ஏறிட்டோம்" என்றாள். குரல் உடைந்திருந்தது. "அந்தாண்ட சீட்ல பைய வெச்சிக்கினு யாரையும் ஒக்கார வுடமாட்டேங்கறா. அந்த சீட்டுக்காரர் நின்னுக்கினே கீறாரு. எங்க நைனா வராருன்னு சொல்றா. நான் இன்னா சொல்றது?"

"போன அவகிட்ட குடு."

"நைனா!" என்றாள் லாஸ்யா. மூச்சு வாங்கியது. "சீட் புடிச்சிட்டேன். சீக்கிரம் வா, கதவ மூடப் போறாங்களாம்."

சீனு போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டான். "அந்த சீட்ட அவருக்கு வுட்டுடு கண்ணு."

"அப்ப நீ?"

"நான் பின்னால வரேன். நீ..." வேறு ஏதாவது வார்த்தை கிடைக்குமா என்று தேடிப் பார்த்தான். ஆறு வருஷத்தில் அவனுக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒன்றுதான். "நீ அங்க போய்க் கொஞ்சம் வெயிட் பண்ணு."

"சரி நைனா" என்றாள்.

எத்தனை நாள் என்று அவள் கேட்கவில்லை. அந்த வீட்டில் யாரும் அதைக் கேட்பதில்லை.