நடுத்தரம் என்று எழுதப்பட்ட காற்று

ஓடுதளத்தின் கிழக்கு முனைக்கு மேலே, இருநூறு அடி உயரத்தில், அறுபத்திரண்டு பயணிகளோடு அந்த விமானம் பதினொரு வருடம் அசையாமல் நின்றது.

காரணம் வானிலை அறையில் இருந்த காற்றுக் கணிப்பாளர். மேலே எதிர்க்காற்றும் கீழே முதுகுக்காற்றும் அடித்தால், இறங்குகிற விமானம் இரண்டுக்கும் நடுவே சட்டென்று வேகம் இழந்து விழும். அந்த இழப்பை அளந்து லேசு, நடுத்தரம், கடுமை என்று மணிக்கொரு தரம் தாளில் எழுதுவது அவர் வேலை. அன்று மூன்று மணிக்குக் கருவி நாற்பது நாட், அதாவது மணிக்கு எழுபத்தைந்து கிலோமீட்டர் அளவுக்கு, வேக இழப்பு காட்டியது. கடுமை என்று எழுதியிருந்தால் விமானத்தை வேறு ஊருக்குத் திருப்பியிருப்பார்கள். ஆனால் அதில் பதினான்காம் வரிசை ஜன்னலோரத்தில் அவருடைய மகள் இருந்தாள். மூன்று வருடம் கழித்து ஊருக்கு வருகிறாள். அவளுடைய அம்மா காலையிலிருந்தே விமான நிலைய வாசலில் காத்திருந்தாள். சற்று முன்பு இறங்கிய வேறொரு விமானி "கொஞ்சம் குலுங்குச்சு, வேற ஒண்ணுமில்ல" என்று சொன்னதைச் சாக்காக வைத்து, நடுத்தரம் என்று எழுதிவிட்டார். பிள்ளைப் பாசம் கண்ணை மறைக்கும் என்பார்கள், கருவியையும் மறைத்தது. விமானம் அந்தக் காற்றுக்குள் வந்து, விழ வேண்டிய இடத்தில் விழாமல் நின்றது. தாள் நடுத்தரம் என்று சொல்லும்வரை அது விழ வழியில்லை என்று மாலைக்குள் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

அதன்பிறகு அவர் மணிக்கொரு தரம் நடுத்தரம் என்றே எழுதினார். லீவு எடுக்கவில்லை, அறையிலேயே படுத்து எழுந்தார். மற்ற விமானங்கள் மேற்குப் பக்கமாக இறங்கப் பழகின. ஒருமுறை பயணிகளை இறக்க ஏணி வண்டி கொண்டுபோனார்கள். காற்று அதைக் கவிழ்த்ததில் டிரைவர் செத்தார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மகளுக்காகக் காற்றையே பொய்ச்சாட்சி சொல்ல வைத்தவன் என்றார்கள். விமானத்துக்குள் பசி இல்லை, தூக்கம் இல்லை, பெல்ட்டைக் கழற்ற முடியவில்லை. வயது மட்டும் ஏறியது. முன்வரிசைப் பெரியவர் ஏழாம் வருடம் உட்கார்ந்தபடியே இறந்தார். பக்கத்து சீட்டுக்காரர் நான்கு வருடம் அவர் தலையைத் தோளில் தாங்கிக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, அந்த விமானத்தின் விமானி ரேடியோவில் கூப்பிட்டார். "எல்லாரும் பேசி முடிச்சிட்டோம் சார். உள்ளதை எழுதிடுங்க." பிறகு மகள் பேசினாள். "அப்பா, அந்த ஒரே நிமிஷத்துல பதினோரு வருஷமா பயந்துட்டிருக்கேன். முடியலப்பா. இறக்கி விடுங்க."

அவர் மனைவிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னார்.

"அவ கேட்டு நாம எதை இல்லேன்னு சொல்லியிருக்கோம்?" என்றாள்.

அன்று மூன்று மணித் தாளில் நாற்பது நாட், கடுமை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அழுகைதான் நிற்கவில்லை. மூன்று மணி இரண்டு நிமிடத்துக்கு விமானம் விழுந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. பதிவேட்டில் தாமதம் என்ற கட்டத்தில் குமாஸ்தா பதினொரு வருடம் என்று நிரப்பினார். மேலதிகாரி படித்துப் பார்த்து முத்திரை குத்தினார். நான்கு மணிக்குக் காற்று லேசாகத்தான் இருந்தது. அதை எழுதிவிட்டுக் கணிப்பாளர் வீட்டுக்குப் போனார்.

மனைவி கதவைத் திறந்தாள். "வந்துட்டாளா?"

"வந்துட்டா," என்றார் அவர்.