இரண்டு குழாய்களும் ஒரு கன்னமும்

1.
தோல் மருத்துவமனை அறையில் இருந்தவர்கள்: சுழல் இயந்திரத்தின் பக்கத்தில் செவிலியர், சாய்வு நாற்காலியில் அக்கா, ஜன்னலோர முக்காலியில் அவள் கணவரான என் அத்தான், கதவருகே, செருப்புகளுக்குக் காவல் போல, நான்.

வெளியூர்த் தங்கைக்கு இதைக் கடிதமாகத்தான் தொடங்கினேன். கை சும்மா இருக்கவில்லை, கதையாகிவிட்டது. வாசகரே, அவள் தோளுக்கு மேலாக நீங்களும் எட்டிப் பார்க்கலாம்.

2.
முதல் தொடக்கம்: ‘அக்காவின் இடது கன்னத்தில் நிலவு...’ (அடித்துவிட்டேன். பருத்தழும்புக்கு நிலவு எதற்கு?)

இரண்டாவது: எந்தக் குடும்பப் படத்திலும் அக்காவின் இடது கன்னம் கிடையாது. ஊசி என்றால் அவளுக்கு உயிர் போகும். “ரத்தம் எடுக்க ஒரே ஒரு குத்து. மத்ததுக்கு மரத்துப்போற களிம்பு தடவிடுவாங்க” என்று அத்தான் சத்தியம் செய்து, துணைக்குத் தன் வழுக்கையையும் கூட்டி வந்திருந்தார்.

3.
ரத்தம் நிரப்பிய குழாயைச் சுழற்றினால் சிவப்பு அடியில் தங்கும். மஞ்சள் தெளிவு மேலே நிற்கும். அதுதான் மருந்து. அத்தானுக்குத் தலையில் ஊசியாக. அக்காவுக்கு, நுண்ணூசிப் பேனா கன்னத்தைத் துளைத்தபின் பூச்சாக. எடை சமமாக இருக்க, இருவர் குழாயும் இயந்திரத்தில் எதிரெதிரே ஏறின. அத்தான் மூட்டிய சிரிப்பில் செவிலியர் பெயர்ச்சீட்டை ஒட்ட மறந்துபோனார்!

இயந்திரம் நின்றது. இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி.

“எது யாருதுன்னு தெரியல,” என்றார் செவிலியர். “தப்பு என்னோடதுதான். ரெண்டையும் கொட்டிட்டு மறுபடி எடுக்கணும்.”

“புருஷன் பொண்டாட்டிதானேம்மா?” என்றார் அத்தான்.

“சார், ஒருத்தரோடது இன்னொருத்தருக்குப் போகவே கூடாது.”

“ஆமாமா, இவ கன்னத்துல மீசை முளைச்சிடும்!”

“உங்க தலைக்கு என்னோடது போனா புத்தியாவது முளைக்கும்,” என்றாள் அக்கா. சிரிக்கவில்லை. அவள் கண் கதவின் மேல் இருந்தது. நான்...

4.
இங்கே அவளை எழுந்து ஓடவைத்து ஒரு பக்கம் எழுதினேன். நன்றாகவே வந்தது. (இன்னொரு வரைவில் செவிலியர் தப்பை மறைக்கிறார். அந்த அம்மா அப்படிப்பட்டவர் இல்லை, மன்னிக்க.) நடந்தது வேறு. அக்கா மறு கையை நீட்டினாள்.

“மறைக்காம சொன்னீங்க பாருங்க, உங்களை நம்பிக் கையைக் கொடுக்கலாம். முதல்ல சீட்டை ஒட்டுங்க. அப்புறம் இவரை வெளியில அனுப்புங்க!”

அடடா! எனக்குக் கைதட்டத் தோன்றியது. தட்டியும்விட்டேன்.

5.
தழும்பு மங்குமா? பல தடவை வரவேண்டும், மாதக்கணக்காகும், முழுக்கப் போகுமென்ற உறுதியில்லை என்றார் மருத்துவர். மங்கிய முடிவு ஒன்று, மங்காத முடிவு ஒன்று எழுதினேன். சிவந்த கன்னத்தோடு வந்த அக்கா இரண்டையும் பிடுங்கிப் படித்தாள்.

“கன்னம் என்னுது. அதுக்கு நீ என்னடா முடிவு எழுதுறது? பார்க்கணும்னா தங்கச்சி கிளம்பி வரட்டும்!”

இரண்டையும் கிழித்தாள். மீதியை உறையில் போட்டு, கோந்து தடவி ஒட்டி, ஓட்டமாகப் போய்த் தபால் பெட்டியில் சேர்த்தேன். இந்த வரி அதில் இல்லை; தங்கைக்குக் கிடைக்காது, உங்களுக்கு மட்டும்தான்.