பதினாலாவது குதிரை

பயத்தைப் பற்றிக் கேளுங்கள், சொல்லுகிறேன். எங்கள் ஊரில் என்னிடம் வீரத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். வருகிறவன் போகிறவன் எல்லாம் குதிரைப் பட்டாளத்தை எப்படி ஏமாற்றினேன் என்று கதை கேட்க உட்கார்ந்துவிடுகிறான். நான் முடமான காலைத் தடவிக்கொண்டு சிரித்து வைக்கிறேன். அதை அடக்கம் என்று வேறு சொல்லிக்கொள்கிறார்கள்.

என் பெயர் முத்திருளன். பேரையூருக்கு மேற்கே மலையடிவாரத்தை ஒட்டிய ஊர். பிழைப்பு மட்டும் மதுரையில், கோரிப்பாளையத்தில் ஜட்கா வண்டி. பவுனு என்று ஒரு மட்டக்குதிரை வைத்திருந்தேன். அந்த வண்டிப்பேட்டையில் எனக்கு ஒரே சிநேகிதர், இன்னொரு வண்டிக்காரரான காசிம் ராவுத்தர். முதல் உலகச் சண்டையில் லைட் கேவல்ரி என்ற குதிரைப் பட்டாளத்தில் சவாராக இருந்து மெசபடோமியா வரைக்கும் போய்வந்தவர். சவாரி இல்லாத மத்தியானங்களில் தரையில் கரியால் கட்டம் போட்டுச் சதுரங்கம் ஆடுவோம். தோற்பது பெரும்பாலும் நான்தான், கோபித்துக்கொண்டு காயைக் கலைப்பதும் நான்தான்.

எத்தனை பேரை வெட்டினீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். ஒருத்தரையும் இல்லை என்றார். எனக்குச் சிரிப்பாக வந்தது. அதற்காகவா சர்க்கார் குதிரைக்கும் உங்களுக்கும் தீனி போட்டது என்றேன். அவர் கட்டத்தில் தன் குதிரைக் காயை எடுத்து என் ராஜாவுக்குப் பின்னால் வைத்தார்.

"சண்டை போட வேற ஆளு இருக்கான்ப்பா. எங்க வேலை, போயிப் பாத்துட்டு உசுரோட வந்து தாக்கல் சொல்றது. எதிரி தப்புற வழியில முன்னாடியே போயி நிக்கிறது. அவன் கோட்டைக்குள்ள கெடந்தா, அவன் கண்ணு முன்னாடி பயந்தவன் மாதிரி ஓடணும். ஓடுறவனப் பாத்தா உள்ள இருக்கிறவன் வெளிய வந்திருவான்."

ஓடுவதற்கு ஒரு பட்டாளமா என்று நான் காயைக் கலைத்துவிட்டேன். அந்தப் பேச்சை அன்றே மறந்திருந்தால் எனக்கு நல்லது.

நாற்பத்திரண்டாம் வருஷம் ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு என்று மதுரையே தீப்பற்றியது போல இருந்தது. ஊரடங்கு போட்டார்கள். ஜட்காவுக்கு வேலை இல்லை. பவுனை ஓட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். அங்கேயாவது நிம்மதியாக இருக்கலாம் என்று வந்தால், என் தங்கச்சி அன்னக்கொடியின் புருஷன் மலையாண்டி, இன்னும் நாலு பேரோடு சேர்ந்து தந்திக் கம்பியை அறுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான். தங்கச்சிக்குக் கைக்குழந்தை. பக்கத்து ஊரில் இதே காரியம் செய்தவர்களைப் பிடித்துக் கட்டிவைத்து அடித்ததில் ஒருத்தன் செத்தே போனான் என்று சேதி வந்திருந்தது. மலையாண்டி மட்டும் பயப்படவில்லை. அவனுக்குச் சேர்த்து நான் பயந்தேன்.

ஊர் கூடி ஒரு ஏற்பாடு செய்தது. அஞ்சு பேரும் ஊருக்குள்ளேயே இருப்பார்கள். போலீஸ் வருவது தெரிந்தால் மேற்கே ஓடை வழியாக மலைக்கு ஏறிவிட வேண்டும். ஏறிவிட்டால் யாராலும் பிடிக்க முடியாது. வருவதை முன்கூட்டியே பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். குதிரை வைத்திருக்கிறவன் நான் ஒருத்தன்தானே, என் தலையில் கட்டினார்கள். கண்மாய்க்குக் கிழக்கே ஒரு கரடு உண்டு. அதன் மேல் நின்றால் கல்லுப்பட்டி ரோடு தெரியும். லாரி வந்தால் தூரத்திலேயே புழுதி காட்டிக்கொடுக்கும். இறங்கிக் குதிரையைத் தட்டிவிட்டால் மூன்று நிமிஷத்தில் ஊர். பறை அடிக்கக் கூடாது, கூப்பாடு போடக் கூடாது, நேரே வந்து மெதுவாகச் சொல்ல வேண்டும் என்றார்கள். நான் ராவுத்தரை நினைத்துக்கொண்டேன். என்னையும் கேவல்ரி ஆக்கிவிட்டார்களே என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

நாலு நாள் ஒன்றும் வரவில்லை. அஞ்சாம் நாள் காலையில் மேகம் மூடி, மெல்லிய தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ரோட்டில் ஈ காக்கை இல்லை. சும்மா கண்ணைத் திருப்பிக் கண்மாய்க்கரையைப் பார்த்தேன். அங்கேதான் எங்கள் அய்யனார் கோயில். மரத்தடியில் மண் குதிரைகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் ஆள் உயரம். பழையது பதினொன்று. அந்த வைகாசியில் நேர்த்திக்கடனாகப் புதிதாக வந்தது இரண்டு. அதில் ஒன்று தங்கச்சி பிள்ளைக்காக நான் மண் வேலை செய்யும் வேளாரிடம் சொல்லிச் செய்து, தோள் கொடுத்துத் தூக்கி வந்தது. ஆகப் பதிமூன்று. எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூட அது தெரியும்.

அன்றைக்கு அதற்கு மேலும் நின்றன.

வெள்ளையாய், கறுப்பாய், செம்மண் நிறமாய் மூட்டத்துக்குள் குதிரைகள் நின்றன. பதினாலு, பதினஞ்சு என்று எண்ணி இருபதுக்கு மேல் போனதும் எண்ணுவதை விட்டேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் ஒன்று வாலை வீசியது. இன்னொன்று தலையை உதறியது.

நீங்கள் என்ன நினைத்திருப்பீர்கள் என்று தெரியும். நான் அப்படி நினைக்கவில்லை. அய்யனார் வேட்டைக்குக் கிளம்புகிறார் என்றுதான் நினைத்தேன். சாமி வேட்டைக்குப் போகும்போது குதிரைகளுக்கு உயிர் வரும், பார்த்தவன் கண்ணை மூடிக்கொண்டு குப்புற விழ வேண்டும், பார்த்துவிட்டு யாரிடமாவது போய்ச் சொன்னால் ரத்தம் கக்கிச் சாவான். இது எங்கள் ஊர் நம்பிக்கை. எங்கள் பெரியப்பன் மாயாண்டி அப்படித்தான் செத்தார் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குப் பட்டாளமே சாமியாகத் தெரிந்தது.

தலைத்துண்டை அவிழ்த்துப் பவுனின் கண்ணைக் கட்டினேன். அது பார்த்து, அதற்கு ஏதும் ஆகிவிடக் கூடாதே என்று. பிறகு ஈரத் தரையில் குப்புற விழுந்து முகத்தைக் கைக்குள் புதைத்துக்கொண்டேன். உடம்பெல்லாம் வெடவெடவென்று நடுங்கியது. எங்களை ஒன்றும் செய்துவிடாதே அப்பா, மலையாண்டியைக் காப்பாற்று என்று வேண்டினேன். எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று சரியாகச் சொல்ல முடியாது. ஒரு வாய் வெற்றிலை மென்று துப்புகிற நேரம் இருக்கும். கீழே குளம்புச் சத்தம் கேட்கக் கேட்க இன்னும் இறுக்கிக் கண்ணை மூடினேன்.

அப்போது பவுனு கனைத்தது. கண்மாய்க்கரையில் இருந்து பதிலுக்கு ஒரு குதிரை கனைத்தது. அதோடு ஒரு மனுஷக் குரல் அந்தக் குதிரையை இந்துஸ்தானியில் திட்டியது.

எங்கள் அய்யனாருக்கு இந்துஸ்தானி தெரியாது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். காக்கி உடுப்பு, முதுகில் துப்பாக்கி, எல்லோரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். லாரி வரும் என்று நாங்கள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருக்க, சண்டைக் காலத்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு என்பதை ஒருத்தரும் யோசிக்கவில்லை. திருமங்கலம் வரை குதிரைகளை ரயிலில் கொண்டுவந்து இறக்கி, ரோட்டை விட்டுவிட்டு, கரிசல்காடு வழியாகவே வந்து, கோயில் மரத்தடியில் இளைப்பாறியிருக்கிறார்கள். பாதிப் பேர் ஊருக்குள் நுழையாமல் தெற்கே சுற்றிக்கொண்டு ஓடைப் பக்கம் போனார்கள். தப்புகிற வழியில் முன்னாடியே போய் நிற்கிறது. ராவுத்தர் சொன்னது அப்படியே என் கண் முன்னால் நடந்தது.

இனிமேல் சொல்வதைத்தான் நான் ஊரில் சொன்னதில்லை.

கரட்டில் இருந்து ஊருக்குப் போகிற வண்டிப்பாதை அப்போதும் திறந்துதான் கிடந்தது. அதில் ஒரு குதிரைக்காரனும் இல்லை. பவுனை விரட்டியிருந்தால் அவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருப்பேன். அஞ்சு பேரும் ஓடையைக் கடந்திருப்பார்கள். எனக்கு அது தெரியும். பவுனின் கண்கட்டை அவிழ்த்து மேலே ஏறியபோதும் தெரியும். ஆனால் கீழே ஒருத்தன் என்னைக் கைகாட்டிக் கத்தினான், மூன்று பேர் குதிரையைத் திருப்பினார்கள். ஊர்ப்பாதையை விட்டேன். உயிர் பிழைத்தால் போதும் என்று கிழக்கே, வெட்டவெளியில், ஊருக்கு நேர் எதிர்ப்பக்கம் ஓடினேன்.

பின்னால் சுட்டார்கள். குண்டு எங்கே போனதோ, சத்தம் மட்டும் என் பிடரியில் விழுந்தது. குதிரையில் ஒருத்தன் ஓடுகிறான் என்றதும் அவன்தான் தலைவன் என்று நினைத்திருக்க வேண்டும். ஓடைப் பக்கம் போனவர்களும் திரும்பி வந்து என்னைத் துரத்தினார்கள். நான் அழுதுகொண்டே ஓடினேன். அம்மா அம்மா என்று கத்தியது எனக்கே கேட்டது. கரிசல் தூறலில் ஊறிக் குழைந்து கிடந்தது. ஜட்கா இழுத்துப் பழகிய குதிரைக்கு இதெல்லாம் தெரியுமா? கிழக்கேயும் வந்து மறித்தார்கள் என்று வளைத்துத் திருப்பி, வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் இறக்கியபோது பவுனு கால் இடறி விழுந்தது. என் முழங்கால் அதற்குக் கீழே நொறுங்கியது.

சேற்றில் கிடந்தபடி பார்த்தேன். கரை மேல் மலையாண்டி நின்றான். வெடிச்சத்தம் கேட்டு மற்ற நாலு பேரும் ஓடை வழியே மலைக்குப் போய்விட்டார்கள். இவன் மட்டும் என்ன ஆயிற்று என்று பார்க்கக் கரை ஏறியிருக்கிறான். என்னைப் பார்த்தான். "மச்சான், எந்திரிக்காதீங்க, வாரேன்" என்று கத்திக்கொண்டே கையில் வெறும் கம்போடு இறங்கி ஓடிவந்தான். வராதே மாப்ள என்று கத்த நினைத்தேன், குரல் வரவில்லை. பாதி தூரத்தில் சுட்டுவிட்டார்கள். கம்பு என் பக்கமாய் உருண்டு வந்தது.

ஓடுறவனப் பாத்தா உள்ள இருக்கிறவன் வெளிய வந்திருவான். ராவுத்தர் எதிரியைத்தான் சொன்னார். நான் என் மாப்பிள்ளையை வரவழைத்தேன்.

எட்டு மாசம் ஜெயில். ராவுத்தர் பார்க்க வந்தார். நாங்கள் மெசபடோமியாவில் துருக்கிக்காரனுக்குச் செய்ததை நீ இங்கே தனி ஆளாகச் செய்துவிட்டாய் என்று கம்பிக்கு வெளியே நின்று கண் கலங்கினார். நாலு பேரைக் காப்பாற்றப் பட்டாளத்தையே இழுத்துக்கொண்டு ஓடியவன் என்று ஊரிலும் பேச்சு. விட்டு வந்ததும் மாலை போட்டார்கள். வாயைத் திறந்து இல்லை என்று சொல்ல அன்றைக்கும் எனக்குப் பயம்தான்.

அடுத்த வைகாசியில் அன்னக்கொடி ஒரு மண் குதிரை எடுத்தாள். புருஷனைப் பறிகொடுத்தவள் எதற்கு நேர்த்திக்கடன் செலுத்துகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. அண்ணன் உயிரோடு திரும்பினால் எடுப்பதாக வேண்டிக்கொண்டாளாம். நாலு பேர் தூக்கிவர, நான் நொண்டிக்கொண்டு பின்னால் போனேன். வரிசையில் இறக்கி வைத்துவிட்டு எல்லோரும் பொங்கல் பானைப் பக்கம் போய்விட்டார்கள். நானும் அவளும் மட்டும் நின்றோம். என்னை அறியாமல் எண்ணினேன். பதினாலு. மறுபடி எண்ணினேன். எல்லாம் மண்தானா என்று ஒவ்வொன்றின் வாலையும் பார்த்தேன்.

அதற்கு மேல் தாங்கவில்லை. சாமி என்று நினைத்துக் குப்புறக் கிடந்ததையும், பாதை திறந்து கிடந்ததையும், நான் யாரையும் காப்பாற்ற ஓடவில்லை என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். காறித் துப்புவாள் என்று காத்திருந்தேன். அவள் இடுப்புப் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்ண்ணே. அன்னைக்கு வெடிச்சத்தம் கேட்டதும் ஓடிரலாம்னு மத்தவுக அம்புட்டுப் பேரும் அவரப் புடிச்சு இழுத்தாக. மச்சான் ரொம்பப் பயந்தவரு, தனியா கெடந்து நடுங்குவாருன்னு சொல்லிட்டுத்தான் அவரு போனாரு."

பிள்ளை புதுக் குதிரையைத் தொட வேண்டும் என்று கையை நீட்டி அழுதது. அவள் அவனை என்னிடம் கொடுத்தாள். அவன் கையைப் பிடித்து அந்தப் பதினாலாவது குதிரையின் மேல் வைத்தேன்.